மிலிட்டரிக்காரம்மாவின் கால் எலும்பு

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை தாண்டி மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போனால் கூக்கால். மேலே சோலைக்காடு, நடுவில் ஏரி, கீழே படிபடியாக இறங்கும் வயல்கள். பூண்டு எடுக்கும் நாளில் அங்கே போனால் இந்தக் காட்சி கண்ணில் படும்: அறுபதை நெருங்கும் ஒரு அம்மா, துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, அதன்மேல் பூண்டுச் சாக்கை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு படிவயலாக ஏறி, வண்டி நிற்கும் இடத்துக்கு வருகிறார். சாக்கை இறக்குகிறார். ஒரு வாய் தண்ணீர். மறுபடி கீழே இறங்குகிறார். சாயங்காலம் வரை இதே நடைதான். முழங்கால் வலி இருக்கும், இடுப்பு பிடித்திருக்கும். ஆனால் சுமை தூக்கியதால் முழங்காலுக்குக் கீழே எலும்பு விரிசல் விட்டது என்று அவர் சொல்லிக் கேட்பது அபூர்வம்.

அதே ஊரிலிருந்து 19 வயதுப் பெண் ஒருத்தி ராணுவத்துக்குத் தேர்வாகிப் பயிற்சிக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இன்று இது வெறும் கற்பனை இல்லை. இந்திய ராணுவத்தின் காவல் பிரிவுக்குப் பெண் சிப்பாய்களை எடுக்க 2019-ல் அறிவிப்பு வந்தது. 83 பேர் கொண்ட முதல் அணி பெங்களூருவில் பயிற்சி முடித்து 2021 மே மாதம் படையில் சேர்ந்தது. நம் பெண் விடுதியில் தங்கிப் படித்தவள். சுமை தூக்கிப் பழக்கமில்லை. ஓட்டத் தேர்வில் முதலாவதாக வந்தவள். பயிற்சி மையத்தில் வயிறாரச் சாப்பாடு, நல்ல பூட்ஸ், மேற்பார்வைக்கு மருத்துவர் எல்லாம் உண்டு. ஆறாவது வாரம் முழங்காலுக்குக் கீழே ஒரு வலி. ஏழாவது வாரம் நொண்டுகிறாள். எலும்பில் விரிசல்.

அறுபது வயது எலும்பு தாங்குகிறது, பத்தொன்பது வயது எலும்பு விரிகிறது. ஏன்? இதற்கு விடை தேடிப் போனால், படையிலிருந்து ஓய்வுபெற்ற பெண்களின் உடல்நலம் என்ற பெரிய விஷயத்துக்குள் நாம் நுழைந்துவிடுவோம். அந்த விரிசல் ஏழாவது வாரத்தோடு முடிகிற கதை அல்ல.

எலும்பைப் பற்றி நம்மில் பலர் நினைப்பது, அது உள்ளே நட்டுவைத்த கம்பி என்று. உண்மையில் அது உயிருள்ள சுவர். கூக்கால் வயல்களைத் தாங்கி நிற்கும் கல்லடுக்குச் சுவரைப் பாருங்கள். சுண்ணாம்பும் சிமெண்டும் இல்லாமல் கல்மேல் கல் அடுக்கியது. மழைக்காலம் முடிந்ததும் அது அங்கங்கே வயிறு தள்ளி நிற்கும். செப்பனிட வருகிறவர் எடுத்தவுடன் புதுக்கல் வைப்பதில்லை. தளர்ந்த கல்லையெல்லாம் முதலில் உருவி எடுத்துவிடுகிறார். மண்ணைச் சுரண்டி, அடிக்கல்லைத் திருப்பி உட்காரவைத்த பிறகுதான் மேலே அடுக்குகிறார். கல்லை உருவி எடுத்த நேரத்துக்கும் திரும்ப அடுக்கி முடிக்கும் நேரத்துக்கும் நடுவே சுவர் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். அப்போது அதன்மேல் மாடு நடந்தால் வயலே சரியும்.

எலும்பிலும் இதே வேலைதான் ஓயாமல் நடக்கிறது. பழைய எலும்பைக் கரைத்து எடுக்கும் செல்களுக்கு எலும்பழிப்பணு என்று பெயர். புது எலும்பைக் கட்டும் செல்கள் எலும்பாக்கணு. காலில் புதிதாகப் பாரம் விழுந்தால் உடல் அந்த எலும்பை வலுப்படுத்த முடிவு செய்யும். ஆனால் முதலில் வருவது கரைக்கும் கூட்டம். அது இரண்டு மூன்று வாரத்தில் தன் வேலையை முடித்துவிடும். கட்டும் கூட்டத்துக்கோ மூன்று மாதமோ அதற்கு மேலோ வேண்டும். பயிற்சி தொடங்கிய முதல் இரண்டு மாதம் எலும்புக்கு எப்படிப்பட்ட காலம் என்று இப்போது புரிகிறதா? கல்லை உருவி எடுத்த சுவரின்மேல் தினமும் அணிநடை நடக்கிறது. இப்படி ஒரே அடியில் முறியாமல், ஆயிரக்கணக்கான சிறு அடிகள் சேர்ந்து உண்டாக்கும் விரிசலைக் களைப்பு முறிவு என்று சொல்லலாம். கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒடிகிறதே, அதன் உறவுதான்.

இதை முதலில் கவனித்தது ஒரு ராணுவ மருத்துவர். பிரஷ்யப் படையைச் சேர்ந்த பிரைட்ஹவுப்ட், நெடுநடை போய் வந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை 1855-ல் பதிவு செய்தார். காரணம் அவருக்குத் தெரியாது; எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் 40 ஆண்டு இருந்தது. ரான்ட்ஜன் 1895-ல் அந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். இரண்டே ஆண்டில், அந்த வீங்கிய பாதத்துக்குள் இருப்பது எலும்பு முறிவு என்று படம் காட்டியது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. களைப்பு முறிவின் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. விரிசல் மயிரிழை அளவு. அதைச் சுற்றிப் புது எலும்பு கட்டத் தொடங்கிய பிறகுதான் படத்தில் நிழல் விழும். அதற்கு முன்பே காட்டுவது எம்.ஆர்.ஐ. "எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டோம், ஒண்ணுமில்ல, ஓடு" என்று அனுப்பப்பட்ட எத்தனையோ பேர் ஒரு மாதம் கழித்து முழு முறிவோடு திரும்பி வந்திருக்கிறார்கள்.

சரி, கூக்கால் அம்மாவின் எலும்பு ஏன் தாங்குகிறது? அதற்கான துப்பு பின்லாந்திலிருந்து வந்தது. அங்கே டென்னிஸ், ஸ்குவாஷ் ஆடும் பெண்களின் இரண்டு கைகளையும் ஆய்வாளர்கள் அளந்தார்கள். ஒருவருடைய வலது கையை அவருடைய இடது கையோடு ஒப்பிட்டதுதான் இந்த ஆய்வின் அழகு. சாப்பாடு ஒன்று, பரம்பரை ஒன்று, வயது ஒன்று. வேறுபடுவது மட்டை பிடித்ததும் பிடிக்காததும் மட்டுமே. மட்டை பிடித்த கையின் எலும்பு கனமாக இருந்தது. அதைவிட முக்கியமானது 1995-ல் அவர்கள் வெளியிட்ட இந்த முடிவு: பூப்பெய்தும் முன்போ அந்த வயதிலோ ஆடத் தொடங்கியவர்களுக்குக் கிடைத்த பலன், பிறகு தொடங்கியவர்களைப்போல் சுமார் இரண்டு மடங்கு. எலும்பு கேட்கும் வயதில் சொன்னால் கேட்கிறது. கூக்கால் அம்மா எட்டு வயதில் விறகுக்கட்டையும் பத்து வயதில் தண்ணீர்க் குடத்தையும் தூக்கியவர். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமை கூடியது. ஒவ்வொரு முறையும் சுவரைத் திரும்ப அடுக்கி முடிக்க அவகாசம் இருந்தது. நம் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அந்தப் பத்தாண்டு வேலை எட்டு வாரத்தில் வந்து விழுகிறது.

குழந்தைகள் சுமை தூக்க வேண்டும் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓடி விளையாட வேண்டும், குறிப்பாகப் பெண் குழந்தைகள். வயதுக்கு வந்ததும் மைதானத்திலிருந்து அவர்களைத் திருப்பி அழைத்துக்கொள்கிறோமே, அது எலும்புக்கும் செய்யும் கெடுதல்.

அடுத்த கேள்வி: அதே பயிற்சியில் இருக்கும் ஆண்களுக்கும் களைப்பு முறிவு வருகிறதே, பெண்களைப் பற்றி ஏன் தனியாகப் பேச வேண்டும்? பல நாட்டுப் படைகளில் கணக்கெடுத்தபோது, ஒரே பயிற்சியில் பெண்களுக்கு இந்த முறிவு ஆண்களைப்போல் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் வருவது தெரிந்தது. ஒரு காரணம் வடிவம். மூங்கிலை நினைத்துக்கொள்ளுங்கள். பருத்த மூங்கிலும் மெல்லிய மூங்கிலும் ஒரே சதைப்பற்றோடு இருந்தாலும் வளைவதை எதிர்ப்பதில் பருத்தது எங்கோ போய்விடும். பெண்களின் கால் எலும்பு சராசரியாகக் குறுக்களவில் சிறியது. இன்னொரு காரணம் அதைவிட எளிமையானது, அதனாலேயே நெடுங்காலம் யாருக்கும் தோன்றாதது: எட்டு வைக்கும் தூரம். அணிநடையில் எல்லோரும் ஒரே நீளத்தில் எட்டு வைக்க வேண்டும். அந்த நீளம் ஆண்களின் காலுக்கு அளந்து வைத்தது. குட்டையானவர்கள் அதை எட்டிப் பிடிக்க, ஒவ்வொரு அடியிலும் இடுப்பெலும்பை இழுத்து நீட்ட வேண்டியிருக்கும்.

ஆஸ்திரேலிய ராணுவத்தில் பயிற்சிக்கு வந்த பெண்களிடையே இடுப்பெலும்பில் களைப்பு முறிவு அதிகமாக வந்துகொண்டிருந்தது. நூற்றுக்கு 11 பேருக்கு மேல். பயிற்சியைக் கைவிடவில்லை, பெண்களை அனுப்பிவிடவும் இல்லை. அணிநடை வேகத்தை மணிக்கு ஏழரை கிலோமீட்டரிலிருந்து ஐந்தாகக் குறைத்தார்கள், அவரவர் காலுக்கு ஏற்ற எட்டு வைக்கவிட்டார்கள், ஓட்டத்தில் சில மாற்றங்கள் செய்தார்கள். முறிவு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போனது. 1999-ல் வெளியான இந்த முடிவை நான் எத்தனை முறை படித்தாலும் வியப்பு அடங்குவதில்லை. இங்கே பலவீனம் பெண்ணின் எலும்பில் இருந்ததைவிட, அதிகாரி கையிலிருந்த அளவுகோலில் இருந்தது. பிரிட்டனில் ஆண்களோடு எட்டு சேர்த்து நடந்து இடுப்பு முறிந்த மூன்று விமானப்படைப் பெண்களுக்கு 2013-ல் ஆளுக்குச் சுமார் ஒரு லட்சம் பவுண்டு இழப்பீடு கிடைத்தது.

மூன்றாவது காரணம் ரத்தத்தில் ஓடுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற இயக்குநீரைப் பிள்ளைப்பேற்றோடு மட்டும் சேர்த்துப் பேசுவது நம் வழக்கம். எலும்பில் அதற்கு மேஸ்திரி வேலை. இடிக்கும் கூட்டம் அளவுக்கு மீறிப் போகாமல் கையைப் பிடித்து நிறுத்துவது அது. எரிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாதபோது உடல் சிக்கனம் பிடிக்கத் தொடங்கும். அது முதலில் கைவைப்பது மாதவிலக்கில். அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கழகத்தில் 1976-ல் முதன்முதலாகப் பெண்கள் சேர்ந்தபோது பலருக்குச் சில மாதம் மாதவிலக்கு நின்றுபோனது. "நின்னா நல்லதுதானே, பயிற்சிக்கு வசதி" என்று சொல்கிற பெண்கள் எங்கும் உண்டு. ஆனால் அது மேஸ்திரி வேலைக்கு வரவில்லை என்பதற்கான அறிகுறி. சுண்ணாம்புச்சத்தும் வைட்டமின் டி-யும் கொடுத்தால் பயனுண்டா என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படைப் பயிற்சியில் இருந்த 5,201 பெண்களில் ஒரு பாதிக்கு அந்த மாத்திரை, இன்னொரு பாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. எட்டு வாரம் கழித்து மருந்து சாப்பிட்டவர்களிடம் முறிவு ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. பெரிய அற்புதமில்லை, ஆனால் மாத்திரையின் விலையை யோசித்தால் சிறிய விஷயமும் இல்லை. நம் நாட்டில் கூடவே ரத்தசோகையும் சேர்ந்துகொள்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் இந்திய அளவில் 57 சதவீதம் பேருக்கும் தமிழ்நாட்டில் 53 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. படைக்குத் தேர்வாகி வருகிறவர்களும் இந்தப் பெண்களுக்கு நடுவிலிருந்துதான் வருகிறார்கள்.

இப்போது முப்பது வருஷம் தள்ளிப் போவோம். நம் பெண்ணுக்கு ஐம்பது வயது. படையை விட்டு எப்போதோ வந்துவிட்டாள். மாதவிலக்கு நிற்கும் காலம். மேஸ்திரி நிரந்தரமாக வேலையை விட்டுப் போகிறார். இளவயதில் விரிந்து ஒட்டிய எலும்பும் தேய்ந்த முழங்காலும் இப்போது கணக்குக் கேட்கின்றன. சிறுநீர் அடக்க முடியாத தொல்லையும் இருக்கலாம். கழிப்பறை இல்லாத களத்தில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் சமாளித்த பழக்கமும், கனமான மூட்டையோடு குதித்ததும் அதற்கு வழி வைத்திருக்கலாம். கூக்காலில் வயல்வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இந்தத் தண்ணீர்ச் சிக்கனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் மருத்துவமனைக்குப் போகிறாள். மருத்துவர் வயதைக் கேட்கிறார், எத்தனை குழந்தை என்று கேட்கிறார், சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கிறார். பட்டாளத்தில் இருந்தீர்களா என்று கேட்பதில்லை.

ஏன் கேட்பதில்லை என்பதற்கு நம் பேச்சே சாட்சி. எந்த ஊரிலும் "மிலிட்டரிக்காரர் வீடு" என்று ஒரு வீடு இருக்கும். அந்த வீட்டு அம்மாவை "மிலிட்டரிக்காரம்மா" என்பார்கள். அதற்குப் பொருள், மிலிட்டரிக்காரரின் மனைவி. அந்த அம்மாவே மிலிட்டரியில் இருந்தவராக இருக்கலாம் என்பதற்கு நம் வாயில் சொல்லே இல்லை. "எக்ஸ்-சர்வீஸ்மேன்" என்ற சொல்லிலும் ஆண்தான் நிற்கிறான். அரசுத் தமிழில் வழங்கும் "முன்னாள் படைவீரர்" பரவாயில்லை. அந்த "ர்" இருபாலுக்கும் இடம் தருகிறது.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமில்லை. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் படையில் பணிபுரிந்தீர்களா என்ற கேள்வி நெடுங்காலம் ஆண்களிடம் மட்டுமே கேட்கப்பட்டது. 1980-ல்தான் முதன்முறையாகப் பெண்களிடமும் கேட்டார்கள். 12 லட்சம் பெண்கள் ஆம் என்றார்கள். அதுவரை அவர்களுக்கென்று தனி மருத்துவச் சேவை ஏறக்குறைய இல்லை. 1992-ல்தான் பெண்களுக்கேயான நோய்களுக்குச் சிகிச்சை தரச் சட்டம் வந்தது. நம் 2011 கணக்கெடுப்பின் கேள்வித்தாளில் அப்படியொரு கேள்வி ஆணுக்கும் இல்லை, பெண்ணுக்கும் இல்லை.

எண்ணிய பிறகும் உண்மையைப் பிடிப்பது சுலபமில்லை. ஓய்வுபெற்ற படைவீரர்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்டால் படைவீரர்கள் ஆரோக்கியமாகத் தெரிவார்கள். பூண்டு விவசாயிக்கு இதன் காரணம் உடனே புரியும். அறுவடையில் திரண்ட, சொத்தையில்லாத பூண்டாகப் பொறுக்கி விதைக்கு எடுத்து வைக்கிறார். ஆறு மாதம் கழித்து விதைப்பூண்டையும் மீதிப் பூண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "விதைக்கு வைத்திருந்த இடம்தான் பூண்டுக்கு நல்லது" என்று சொன்னால் சரியா? பொறுக்கி எடுத்ததே நல்லதை. படையும் மருத்துவச் சோதனை வைத்துப் பொறுக்கித்தான் எடுக்கிறது. இதை ஆரோக்கியச் சிப்பாய் விளைவு என்கிறார்கள். ஆகவே படைவீரரைப் படைவீரரோடுதான் ஒப்பிட வேண்டும்.

வியட்நாம் போர்க்காலத்தில் பணியாற்றிய அமெரிக்கப் பெண்களை அப்படித்தான் ஆராய்ந்தார்கள். போர் நடந்த வியட்நாமுக்கே போனவர்கள் ஒரு பிரிவு. வியட்நாமுக்கு அருகிலுள்ள ஆசிய நாடுகளில் பணி செய்தவர்கள் இன்னொரு பிரிவு. அமெரிக்காவிலேயே இருந்தவர்கள் மூன்றாவது. மூவரும் ஒரே சல்லடையில் சலித்து எடுக்கப்பட்டவர்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் பேசிய அந்த ஆய்வின் முடிவு, போர் முடிந்து 40 ஆண்டு கழித்து 2015-ல் வெளிவந்தது. வாழ்நாளில் எப்போதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் கண்டவர்கள் வியட்நாம் போனவர்களில் நூற்றுக்கு 20, அருகில் இருந்தவர்களில் சுமார் 11, தாயகத்தில் இருந்தவர்களில் 14. கொடுங்கனவு, திடுக்கிட்டு விழிப்பது, சிறு சத்தத்துக்கும் உடல் நடுங்குவது எல்லாம் இந்த நோயின் முகங்கள். வியட்நாம் போன பெண்களில் மிகப் பெரும்பாலோர் யார் தெரியுமா? செவிலியர்கள். துப்பாக்கி பிடிக்காதவர்கள். சிதைந்து வந்த இளைஞர்களின் கையைப் பிடித்தபடி இரவெல்லாம் நின்றவர்கள். போர் என்பது முன்வரிசையில் நடப்பது, பின்னால் மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு ஒன்றுமில்லை என்ற எண்ணத்தை இந்த எண்கள் உடைத்தன.

இந்தியாவில் இது நம்மை நேராகத் தொடுகிறது. நம் படையில் பெண்கள் என்றால் நெடுங்காலம் பெரும்பாலும் செவிலியர்கள்தான். 1888 மார்ச்சில் பம்பாயில் வந்திறங்கிய பத்துச் செவிலியரோடு தொடங்கியது இன்றைய ராணுவச் செவிலியர் பணி. மருத்துவம் சாராத பிரிவுகளில் பெண் அதிகாரிகளை எடுக்கத் தொடங்கியது 1992-ல்தான். அவர்களில் ராணுவத்துக்கு வந்தவர்கள் பயிற்சி பெற்றது நம் சென்னைப் பரங்கிமலையில். அதற்கும் அரை நூற்றாண்டு முன்னால், மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சிராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். தலைமை ஏற்ற கேப்டன் லட்சுமி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த மகப்பேறு மருத்துவர். பெண்ணுடலை அறிந்த ஒருவர் பெண்கள் படைக்குத் தலைமை தாங்கியது உலகில் எத்தனை இடத்தில் நடந்திருக்கும்? 1945-ல் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது அந்தப் பெண்கள் குண்டுவீச்சுக்கு நடுவே நாள்கணக்கில் நடந்தார்கள். பிறகு படை கலைந்தது. அவர்கள் முழங்காலும் தூக்கமும் என்னவாயின என்று தொடர்ந்து பார்க்க ஒரு மருத்துவப் பதிவேடு இல்லை.

ஈழத்தில் இதன் இன்னொரு பக்கம் இருக்கிறது. 2009-க்குப் பிறகு தடுப்பில் வைக்கப்பட்டு விடுவிக்கப்பட்ட முன்னாள் போராளிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பெண்கள். பலர் உடலில் இன்னும் இரும்புத் துண்டுகள் இருக்கின்றன. "செல் பீஸ்" என்பார்கள். எம்.ஆர்.ஐ. கருவி பெரிய காந்தம். கண்ணருகிலோ தண்டுவடத்தருகிலோ இரும்புத்துண்டு இருக்கும் ஒருவரைக் கேட்காமல் அதற்குள் படுக்கவைத்தால் துண்டு நகரலாம். ஆக, "முன்பு காயம் பட்டிருக்கா?" என்ற கேள்வி அங்கே உயிர் காக்கும் கேள்வி. ஆனால் பதில் சொன்னால் விசாரணை வருமோ, மகளுக்கு வரன் தட்டிப்போகுமோ என்று பயப்படும் பெண் வாய் திறக்க மாட்டாள். கேட்பது மட்டும் போதாது. பதில் சொன்னவருக்குக் கெடுதல் வராது என்ற உறுதியும் வேண்டும். அமெரிக்காவில் படைவீரர் மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் பணியில் பாலியல் வன்முறையோ தொல்லையோ நேர்ந்ததா என்று தனியறையில் கேட்கிறார்கள். பெண்களில் மூன்றில் ஒருவர் ஆம் என்கிறார். தானாக வந்து சொல்லியிருப்பார்களா?

நம் நாட்டு ஏற்பாட்டுக்கு வருவோம். முன்னாள் படைவீரருக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரலில் தொடங்கியது. இ.சி.எச்.எஸ். என்றால் எல்லோருக்கும் தெரியும். அட்டை காட்டினால் அதன் பாலிகிளினிக்கில் மருந்து, தேவைப்பட்டால் ஒப்பந்த மருத்துவமனைக்குச் சீட்டு. நல்ல திட்டம். ஆனால் அதன் வாசல் நெடுங்காலம் ஓய்வூதியம் என்ற சாவிக்குத்தான் திறந்தது. அதிகாரிக்கு ஓய்வூதியம் கிடைக்க 20 ஆண்டுப் பணி வேண்டும். பெண் அதிகாரிகளுக்கோ அப்போது பெரும்பாலும் குறுகியகாலப் பணிதான். முதலில் 5 ஆண்டு, பிறகு நீட்டித்து நீட்டித்து 14. அவர்கள் வெளியே வந்தபோது ஓய்வூதியமும் இல்லை, அட்டையும் இல்லை. குறுகியகால அதிகாரிகளுக்கு இந்தத் திட்டம் திறந்தது 2019 மார்ச்சில்தான். தாமதம் இதில் மட்டுமில்லை. திருமணம் செய்துகொண்டதற்காக 1988-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு ராணுவச் செவிலியருக்கு, அது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொல்லி 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது 2024-ல். 36 வருஷம். அக்னிவீரராகச் சேரும் பெண்கள் நான்காண்டு முடிந்து வெளியே வரும்போது ஓய்வூதியமும் இல்லை, இந்த மருத்துவத் திட்டமும் இல்லை. முதல் வருஷத்தில் விரிந்த எலும்பு நாலு வருஷத்தில் மறந்துவிடாது. இதை அரசு மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அளவுகோல் கதை ஒருமுறை நீதிமன்றத்துக்கும் வந்தது. பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி தர வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் தீர்ப்பு வந்த பிறகு, ராணுவம் அவர்களை மருத்துவச் சோதனைக்கு அனுப்பியது. மனநிலை, செவி, கைகால், உடல்திறன், பார்வை ஐந்திலும் முதல்தரம் வேண்டும்; "ஷேப்-1" என்பார்கள். ஆண் அதிகாரிகள் இதே சோதனையை ஐந்தாம் ஆண்டிலோ பத்தாம் ஆண்டிலோ, முப்பது வயதையொட்டித் தாண்டிவிட்டவர்கள். அப்போது வாய்ப்பே தரப்படாத பெண்களை நாற்பதும் ஐம்பதும் ஆன பிறகு அழைத்து அதே கோட்டைத் தாண்டச் சொன்னார்கள். நிதிஷா வழக்கில் 2021 மார்ச் 25 அன்று உச்ச நீதிமன்றம் இதை மறைமுகப் பாகுபாடு என்றது. எல்லோருக்கும் ஒரே விதி என்று வெளியே தெரியும்; விழுகிற இடத்தில் ஒரு தரப்பை மட்டுமே அடிக்கும். ஆஸ்திரேலிய அணிநடையில் இருந்த எட்டு நீளமும் இதே இனம்தான்.

ஆகவே படையில் இருந்த, இருக்கிற, போகப்போகிற பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சியில் வலி வந்தால் மறைக்காதீர்கள். "சிக் ரிப்போர்ட் போட்டா அடுத்த பேட்ச்சுக்குத் தள்ளிடுவாங்க" என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் படையின் மருத்துவச் சோதனை அறையான எம்.ஐ. ரூமில் அன்று எழுதப்படும் அந்த ஒரு வரி, பின்னால் உங்கள் எலும்புக்காகப் பேசும் ஒரே சாட்சி. சேரும்போது இல்லாத நோய் பணியில் வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்றால் நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்று 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைப் பயன்படுத்தக் கையில் காகிதம் வேண்டும். வெளியே வரும் நாளில் ரிலீஸ் மெடிக்கல் போர்டு தாளை நகலெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஊர் திரும்பியதும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயரைப் பதியுங்கள். கூக்கால்காரர்களுக்கு அது திண்டுக்கல்லில். கணவர் பெயரில் இல்லை, உங்கள் பெயரில்.

மலையிலும் சமவெளியிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முழங்கால் வலியோ தூக்கமின்மையோ சொல்லிக்கொண்டு ஒரு பெண் வந்தால், சர்க்கரை, ரத்த அழுத்தம் கேட்டபின் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். மற்றவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேளுங்கள்: "நீங்க பட்டாளத்துல இருந்தீங்களாம்மா?"